வாசர் கடை மணியம்மை

ரப்பரை முதலில் கடித்துத்தான் பார்ப்பார் மணியம்மை. ஒரு ஓரத்தைக் கடைவாயில் வைத்து, கண்ணை லேசாக இடுக்கிக்கொண்டு ஒரு கடி. பிறகு பக்கவாட்டில் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "இது செத்துப்போன ரப்பரு." அல்லது, "இது இன்னும் பச்சை. ஒரு மழை, ஒரு வெயில் பாக்கட்டும், அப்பால வெட்டலாம்." எப்போதாவதுதான் "ஆங், இது ஆவும்" என்று தலையாட்டுவார். எதிரே நிற்கும் புது ஆள் முகத்தைச் சுளித்தால் அவர் விடமாட்டார். "இன்னா பாக்கற? மாங்கா வாங்கசொல்ல நீ கடிச்சுப் பாக்கறதில்ல?"

திருத்தணியில், அரக்கோணம் போகும் சாலையில், லாரி எடைமேடையை ஒட்டி இருக்கிறது கடை. பலகையில் இருப்பது அவர் கணவர் பக்தவச்சலத்தின் பெயர். பங்க்சர் ஒட்டுவது, காற்று அடிப்பது என்று எழுதியிருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை. ஊரில் அது வாசரம்மா கடை. தண்ணீரோ எண்ணெயோ காற்றோ போகக்கூடாத இடத்தில் போனால், அங்கே வைக்க ஒரு ரப்பர் துண்டை, அதாவது வாசரை, வெட்டித் தருவதுதான் மணியம்மையின் தொழில். கே.ஜி.கண்டிகை விவசாயி கிணற்று மோட்டாரை சைக்கிளில் கட்டி எடுத்து வருவார். ஆர்.கே.பேட்டையிலிருந்து விசைத்தறிக்காரர் தறியில் தேய்ந்துபோன ரப்பர் கட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவார். பால்கேன் மூடி, டவுன்பஸ் கதவு, கல்யாண மண்டபத்துப் பெரிய குக்கர் என்று எல்லாம் அங்கே வந்து நிற்கும்.

அளவு எடுக்க அவரிடம் டேப் கிடையாது. உலோகத்தின் வாயில் விளக்குக்கரியைத் தடவி, லாரி டியூப் ரப்பரின் மேல் அழுத்துவார். பதிந்த கரிக்கோட்டின் மேல் கத்தி ஓடும். செருப்புத் தைப்பவர் வைத்திருப்பது போன்ற கத்தி. அதை அடிக்கடி சோப்புத் தண்ணீரில் முக்கிக்கொள்வார். காய்ந்த கத்தி ரப்பரைப் பிராண்டும், ஈரக் கத்திதான் வெட்டும் என்பது அவர் சொல்.

'ஒழுகுது', 'கசியுது' என்ற சொற்கள் அவர் வாயில் வராது. எல்லாமே அழும். "எப்பலேர்ந்து அழுவுது? நிக்கசொல்ல அழுவுதா, ஓடசொல்ல அழுவுதா? மேலேர்ந்து அழுவுதா, கீழேர்ந்து அழுவுதா?" வைத்தியர் நாடி பிடிப்பதுபோல இத்தனையும் கேட்ட பிறகுதான் கத்தியில் கை வைப்பார். வேலை முடிந்ததும் பொருளை நீட்டி, "ஒரு தபா போட்டா போட்டதுதான். திரும்பி வராத" என்பார். அப்படித் திரும்பி வந்த வேலை எதுவும் இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமில்லை, நிறையவே உண்டு.

கணவர் பக்தவச்சலம் அவருக்குத் தாய்மாமன் மகன். மணியம்மை அவரை 'பாவா' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் திருத்தணிக்கும் சென்னைக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கிளீனராக இருந்தவர். அந்தக் காலத்தில் ஊர்ப்பெயர்களைக் கூவிக் கூவியே தன் பேச்சையெல்லாம் செலவழித்துவிட்டார் என்று மணியம்மை சொல்வதுண்டு. நாளெல்லாம் கேட்டாலும் 'ஆங்' என்பதற்கு மேல் ஒன்றும் வராது. மணியம்மை பேசுவார், அவர் டியூபுக்குக் காற்று அடிப்பார். குடித்தனம் அப்படி ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மணியம்மைக்கு அடைத்த இடம் ஆகாது. சின்ன வயதில், கண்டிகையில் கூலிவேலைக்குப் போன தாய், வெளியே ஓடிவிடக்கூடாது என்று அவரை உர மூட்டை அடுக்கிய அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை வீங்கிய பிறகுதான் யாருக்கோ கேட்டது. அதிலிருந்து அவர் பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டை ஒட்டித்தான் நிற்பார். மலைக்கோயிலுக்குப் போனாலும் வரிசைக்குள் நுழைய மாட்டார். கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "இங்கேர்ந்தே தெரியறாரு, போதும்" என்று இறங்கிவிடுவார்.

அந்த மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர் சேஷகிரி. கல்யாணங்களுக்கும் போய்ச் சமைப்பார். அவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு நேரில் பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்கள். சிவப்புக் கார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. தரையோடு தரையாக, தாவப்போகிற தவளை மாதிரி குந்திக்கொண்டிருக்கும். ஊர்க்காரர்கள் அதைத் தவளைக் காரு என்பார்கள். எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருந்த பட்டை எப்போதோ விழுந்துவிட்டது.

சென்னையில் ஒரு பல் டாக்டர் கிருத்திகைக்குக் கிருத்திகை அந்தக் காரில் மலைக்கு வருவார். அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் சமையல் சேஷகிரிதான். தொண்ணூற்றாறாம் வருஷம், டாக்டருக்கு ஓட்ட முடியாத வயதானபோது, கடைசியாக ஒருமுறை மலைக்கு வந்தார். புளியோதரையைச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சாவியை சேஷகிரி கையில் வைத்தார். "என் பிள்ளைகள் இதை எடைக்குப் போட்டுடுவா. நீ ஓட்டு." சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

சேஷகிரியின் மனைவி லலிதாம்பாள் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். "கரண்டி பிடிக்கிற கைக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்" என்றார். இரண்டு வருஷத்தில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. படியேற முடியாமல் போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவரை மலைக்கு ஏற்றிக்கொண்டுபோனது அந்தக் கார்தான். பிறகு யாராவது அதைத் தவளை என்றால் அவருக்குக் கோபம் வந்தது.

காரில் ஒரே ஒரு குறை. மழை பெய்தால் பின்னால் இருக்கும் டேஞ்சர் லைட்டுகளைச் சுற்றித் தண்ணீர் உள்ளே போகும். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி கிடக்கும் குழியில் குளம் கட்டி நிற்கும். பல்பு பியூஸாகும். விளக்கைப் பிடித்திருக்கும் நட்டுகள் துருவேறிச் சிவந்து, அந்தத் துரு தண்ணீரில் கரைந்து டீ டிகாஷன்போல இருக்கும். ஒரு டிங்கர் பட்டி வைத்து அடைத்தார், அது ஒரு கோடையில் வெடித்து உதிர்ந்தது. இன்னொருவர் துணி சோப்பைத் தேய்த்துவிட்டார். முதல் மழையில் டிக்கி முழுவதும் நுரை. சேஷகிரி சமையல் கரண்டிகளை டிக்கியில் வைப்பதையே விட்டுவிட்டு, லலிதாம்பாளின் காலடியில் வைத்துக்கொண்டு போவார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷக் கோடையில் கார் வாசரம்மா கடைக்கு வந்தது. வந்த நேரம் சரியில்லை. விசைத்தறி ரப்பர் வேலை மலைபோலக் குவிந்திருந்தது. மிருதுவான டியூபெல்லாம் அந்த வேலையில் தீர்ந்துவிட்டது.

"அம்மா மணியம்மை, பொண்ணு கல்யாணம் ஐப்பசி போய்க் கார்த்திகையில. அதுக்குள்ள இந்த ஒழுகல் சனியனை நிறுத்திக் கொடுத்துடு. ஏகப்பட்ட சாமான் ஏத்தணும்" என்றார் சேஷகிரி.

"குடுங்க சாமி. இது ஒரு வேலையா?"

விளக்குகளைக் கழற்றினார். அடியில் இருந்த பழைய ரப்பர், பிஸ்கட் மாதிரி விரல் பட்டதும் நொறுங்கியது. இருந்த டியூபிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். வழக்கம்போலக் கடித்தார். கடித்தவர் ஒரு கணம் நிறுத்தி, இன்னொரு தடவை கடித்தார். பிறகு தீர்ப்பு எதுவும் சொல்லாமல் கரியைத் தடவி வெட்டத் தொடங்கினார். நிக்கசொல்லயா, ஓடசொல்லயா என்ற கேள்வியையும் அன்று கேட்கவில்லை. புது ரப்பரை வைத்து விளக்குகளை இறுக்கிய பிறகு, பக்தவச்சலம் மேலேயிருந்து குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார். டிக்கிக்குள் ஒரு சொட்டு இல்லை.

"போட்டா போட்டதுதான் சாமி. இனிமே உள்ள பட்டுப் பொடவையே வச்சாலும் பட்டா மாதிரி இருக்கும்" என்றார். பட்டு என்று சொல்ல வந்தவர் அவசரத்தில் பட்டா என்றுவிட்டார். சேஷகிரி சிரித்துக்கொண்டே போனார். அந்த வார்த்தையை வீட்டில் போய்ச் சொல்லவும் சொன்னார்.

அதனால்தான் லலிதாம்பாள் டிக்கியில் பட்டுப்புடவையை வைத்தார்.

ஐப்பசியில் காஞ்சிபுரம் போய், மகள் சாய்லக்ஷ்மிக்குக் கூறைப்புடவை எடுத்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் கட்டும் ஒன்பது கஜம், மஞ்சளும் அரக்குமாக. திரும்பும் வழியில் வானம் பொத்துக்கொண்டது. அந்த வருஷத்து மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாலையெல்லாம் வாய்க்கால். மடியில் வைத்தால் ஜன்னல் சாரல் படும் என்று லலிதாம்பாள்தான் புடவைப் பையை டிக்கியில் வைக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து திறந்தால், பை நனைந்திருந்தது. இடது மூலையில் தேங்கியிருந்த துருத்தண்ணீரைப் புடவை குடித்திருந்தது. கல்யாணப் பெண்ணின் கூறையில் உள்ளங்கை அகலத்துக்குச் செந்நிறக் கறை.

மறுநாள் சேஷகிரி கடைக்கு வந்து மெதுவாகத்தான் சொன்னார். "உன்னைச் சொல்லி என்ன இருக்கு? பழைய வண்டி. தகரம் எங்கேயாவது விட்டுப்போயிருக்கும்."

மணியம்மை வெட்டிக்கொண்டிருந்த வாசரை அப்படியே போட்டுவிட்டு, கையைக் கழுவி, அவர் கூடவே கிளம்பினார். கார் கதவைத் திறந்துவிட்ட சேஷகிரியிடம், "நீங்க போங்க சாமி, நான் நடந்து வரேன்" என்றார். தூறலில் நனைந்தபடி அவர் மலையடிவாரத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது லலிதாம்பாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மாமி..."

"பட்டா மாதிரி இருக்கும்னு சொன்னியாமே? அதை நம்பித்தானே வச்சேன்." குரலை உயர்த்தவில்லை. புடவையைக் கொண்டுவந்து கறை இருந்த இடத்தை விரித்துக் காட்டினார். "எலுமிச்சம்பழம், வெந்நீர் எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு. வேற எடுக்கலாம்னா பொண்ணு மாட்டேங்கறா. நேர்ந்துண்டு எடுத்ததாம், அம்மன் சன்னதியில வச்சு எடுத்ததாம், இதைத்தான் கட்டிப்பாளாம். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

மணியம்மை கறையைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வண்டியை வாசல்லயே நிறுத்துங்க. பாவாவைக் கூப்டறேன்" என்றார்.

தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் டிக்கியை மூடிய பிறகு உள்ளேயிருந்து பார்க்க வேண்டும். அந்தச் சின்ன டிக்கிக்குள் சேஷகிரியின் தொப்பை நுழையாது. பக்தவச்சலம் ஆறடி. ஸ்டெப்னியை எடுத்து வெளியே வைத்துவிட்டால், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்கக்கூடிய உருவம் அங்கே ஒன்றுதான் இருந்தது.

"நீ வேணாம்" என்றார் பக்தவச்சலம். அவருக்கு அது நீண்ட பேச்சு.

"பின்ன யாரு உள்ள பூறது? மூடு."

ஒரு நிபந்தனை போட்டார் மணியம்மை. டிக்கி சாவி சேஷகிரியிடம் இருக்கக்கூடாது, பாவாவிடம்தான் இருக்க வேண்டும். பக்தவச்சலத்தின் இரண்டு கையிலும் குடம். எனவே சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டார். மணியம்மை டார்ச் லைட்டோடு உள்ளே சுருண்டு படுத்தார். மூடி விழுந்தது.

அடுத்த நொடியே உள்ளேயிருந்து தட்டும் சத்தம். ஒரு கை தட்டவில்லை, இரண்டு கையும் தட்டின. பக்தவச்சலம் குடங்களை அப்படியே தரையில் போட்டுவிட்டுத் திறந்தார். மணியம்மை வெளியே தலையை நீட்டி, வாயால் மூச்சு வாங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"வேணாம்மா, விட்டுடு" என்றார் சேஷகிரி. "பழைய வண்டிதானே."

"சும்மா இருங்க சாமி." பக்தவச்சலத்தைப் பார்த்தார். "பாவா, நீ பேசிகினே இரு. உன் குரல் கேட்டுகினே இருந்தா நான் இருந்துடுவேன்."

பக்தவச்சலம் சாவியை வாயிலிருந்து எடுத்து இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டார். "இன்னா பேசறது?" என்றார்.

"இன்னாவோ பேசு. நிறுத்தாத."

"இன்னொண்ணு" என்று படுத்த பிறகு சொன்னார் மணியம்மை. "மேலேர்ந்து ஊத்தாத. மழையில ரோட்டுல போனா டயரு கீழேர்ந்துதான் வாரி அடிக்கும். கீழேர்ந்து அடி. சாமி, நீங்க வண்டியை ஆட்டுங்க, குழியில எறங்கி ஏறுற மாதிரி. அன்னிக்கி நான் இதைக் கேக்காம விட்டுட்டேன்."

மூடி மறுபடியும் விழுந்தது. சேஷகிரி பின்பக்கத்தைப் பிடித்து அமுக்கி அமுக்கி ஆட்டினார். பக்தவச்சலம் குனிந்து, குடத்துத் தண்ணீரை விளக்குக்குக் கீழேயிருந்து விசிறி அடித்தார். பேச வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. உள்ளே ஒரு தட்டு விழுந்தது. அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, வருஷக்கணக்காக அடியில் கிடந்த தன் பழைய குரலை எடுத்துக் கூவினார்.

"திருத்தணீ... கனகம்மாசத்திரம்... திருவள்ளூர்... பூந்தமல்லீ... ஏறு ஏறு ஏறு! எடம் கீது, எடம் கீது!"

தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. லலிதாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டார். பக்தவச்சலம் நிறுத்தவில்லை. சென்னை வரைக்கும் போனார், அங்கிருந்து திரும்பி வந்தார். நடுநடுவே "பின்னாடி போ, பின்னாடி போ" என்றார். குடத்தை நிரப்பிக்கொள்ளப் போகும்போதும் கூவிக்கொண்டே போய், கூவிக்கொண்டே வந்தார்.

உள்ளே நெய்யும் புளியும் துருவும் கலந்த வாடை. மணியம்மை உள்ளங்கைகளைத் தொடைக்கிடையில் அழுத்திவைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் அவை தானாகத் தட்டும். வலது விளக்கின் அடியில் டார்ச்சை அடித்தார். காய்ந்திருந்தது. தகரத்தின் மடிப்புகள், மூடியின் ரப்பர் எல்லாம் காய்ந்திருந்தன. வெளியே பாவாவின் பஸ் இரண்டாம் முறை திருவள்ளூரைத் தாண்டியது. இடது விளக்கின் கீழ் மூலைக்கு வெளிச்சத்தைத் திருப்பினார். அங்கே தகரத்தில் ஒரு பள்ளம். எந்தக் காலத்திலோ அடிபட்டு, யாரோ தட்டிச் சரிசெய்த இடம். மிருதுவான ரப்பராக இருந்தால் அந்தப் பள்ளத்தில் பதிந்து படுத்திருக்கும். இது கெட்டியான ரப்பர், பாலம் போட்டதுபோல மேலாகவே நின்றது. கார் ஆடும்போதெல்லாம் அந்த இடம் இமைபோலத் திறந்து மூடியது. திறக்கும்போது ஒரு கோடு தண்ணீர் உள்ளே இறங்கியது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அதைப் பார்த்தது அவர் ஒருவர்தான். தகரம் விட்டுப்போச்சு என்று சொன்னால் தகரம் வந்து மறுக்கப்போவதில்லை. சேஷகிரி அதைத்தானே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிறகு தட்டினார்.

வெளியே வந்ததும் காரின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். புடவை முழுக்க வேர்வையும் துருவும். "எங்கேர்ந்து வருது?" என்று சேஷகிரி கேட்டார். மணியம்மை வாசலில் நின்ற லலிதாம்பாளைப் பார்த்துச் சொன்னார்.

"என் வாசர்தான் மாமி. வண்டி மேல ஒண்ணும் இல்ல. ரப்பரு கெட்டி. கடிச்சப்பவே தெரியும் எனக்கு. நல்லது தீந்துபோச்சு, இருக்கறதை வச்சுத் தள்ளிடலாம்னு வெட்டிட்டேன். உங்க பொண்ணு பொடவையைக் கெடுத்தது நான்தான்."

பக்தவச்சலம் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தார். லலிதாம்பாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் சேஷகிரியும் நினைத்தார்.

"உள்ள மூச்சு முட்டலை?" என்று கேட்டார் லலிதாம்பாள். பதிலுக்குக் காத்திராமல், கையில் மடித்து வைத்திருந்த செய்தித்தாளைப் பிரித்து மணியம்மைக்கு விசிறத் தொடங்கினார்.

அன்று மாலையே வேலை நடந்தது. மெல்லிய சைக்கிள் டியூப் ரப்பரை எடுத்து, இந்தத் தடவை ஒரே கடியில் "ஆவும்" என்றார் மணியம்மை. பஸ் கண்ணாடி பொருத்தும் சேட்டு என்பவரிடமிருந்து கருப்புப் பசை வாங்கிவந்து பள்ளத்தை நிரப்பி, அதன் மேல் ரப்பரைப் படுக்கவைத்தார். நட்டுகளை ஒரேயடியாக முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பசை காய்ந்த மறுநாள், லலிதாம்பாளிடம் கோலமாவு கேட்டு வாங்கி, டிக்கிக்குள் விளக்குகளின் அடியில் மெல்லியதாகத் தூவினார். சேஷகிரியிடம், பக்தவச்சலத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் ஆர்.கே.பேட்டை வரைக்கும் போய்வரச் சொன்னார். திரும்பி வந்ததும் டிக்கியைத் திறந்து ஊதினார். மாவு பறந்தது. "போட்டா போட்டதுதான்" என்று அவர் அப்போது சொல்லவில்லை. அந்த வார்த்தையை அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் பொருளைக் கொடுக்கும்போது, "அழுதா இட்டாந்துடு" என்கிறார்.

சாய்லக்ஷ்மி அந்தக் கூறையைத்தான் கட்டிக்கொண்டாள். கறை மடிசாரின் கச்சத்துக்குள் போய்விட்டது என்று லலிதாம்பாள் சொன்னார். முழுக்கப் போகவில்லை. அக்கினியை வலம் வரும்போது கணுக்காலுக்கு மேலே விரலகலம் தெரிந்தது. மண்டப வாசலில், நிலைப்படியை ஒட்டிக் கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த மணியம்மைக்கு அது தெரிந்தது. சாப்பிடாமல் போகப் பார்த்தவரை சாய்லக்ஷ்மியே வந்து, கையைப் பிடித்து இழுத்துப்போய், பந்தியில் கதவுக்குப் பக்கத்து இலையில் உட்காரவைத்தாள்.

அடுத்த வருஷம் ஐப்பசி. மகளுக்குத் தலைதீபாவளி. அடை மழையில் அந்தச் சிவப்புக் கார் வாசரம்மா கடை வாசலில் வந்து நின்றது. மணியம்மை கத்தியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். சேஷகிரி குடை பிடிக்க, லலிதாம்பாள் இறங்கினார்.

"காஞ்சிபுரத்திலேர்ந்துதான் வரோம். மாப்பிள்ளைக்கு எடுத்தேன், நீ ஒருதரம் பாரு" என்று சொல்லிக்கொண்டே டிக்கியைத் திறந்தார்.

இடது விளக்குக்குக் கீழே, வெறும் தகரத்தின் மேல், பையோ காகிதமோ எதுவும் சுற்றாமல், ஒரு பட்டு வேட்டி மடித்தபடி இருந்தது. பளீரென்ற வெள்ளை.

மணியம்மை லலிதாம்பாளைப் பார்த்தார். பிறகு குனிந்து, வேட்டியில் படாமல் அதன் அடியில் கையை விட்டு, மூலைவரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். கையை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. அந்த ஈரமில்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.